'கடல்மணி' யாருடைய பாட்டு? ஒரு வாசிப்பு வட்டத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மாதம் ஒருமுறை ஒரு நூலகத்தின் மாடியில் கூடுகிற சிறு வாசிப்பு வட்டம் இது. வருகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். ஆங்கிலப் புனைவை ஆங்கிலத்திலேயே படித்துவிட்டு வந்து தமிழில் பேசுவது வழக்கம். ஒருங்கிணைப்பது என் பொறுப்பு. யார் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. விவாதத்தில் முக்கியமாக நின்ற நால்வரை இளைஞர், வங்கி அதிகாரி, தமிழாசிரியர், அக்கா என்று குறிப்பிடுகிறேன். இளைஞர் மென்பொருள் வேலையில் இருப்பவர். கற்பனை உலகக் கதைகள் எழுதிய ஆங்கில எழுத்தாளர் டோல்கினைப் பள்ளி நாளிலிருந்து கரைத்துக் குடித்தவர். வங்கி அதிகாரி எதையும் ஆண்டு போட்டுப் பார்க்கிறவர். தமிழாசிரியர் ஓய்வுபெற்றவர். அக்கா நாட்டுப்புறப் பாடல்களைப் பதிவு செய்ய ஊர் ஊராக அலைந்தவர்.

எடுத்துக்கொண்ட கவிதை, ஜே. ஆர். ஆர். டோல்கின் 1962இல் வெளியிட்ட 'தி அட்வென்சர்ஸ் ஆஃப் டாம் பாம்படில்' தொகுப்பில் பதினைந்தாவதாக வரும் 'தி சீ-பெல்'. எங்களுக்குள் அதைக் 'கடல்மணி' என்றே சொல்லிக்கொண்டோம்.

தொகுப்பு பிறந்த விதம் தெரிந்தால்தான் சண்டை எங்கே தொடங்கியது என்பது புரியும். டோல்கின் கதையில் வரும் டாம் பாம்படில் என்ற பாத்திரத்தை வைத்துச் சின்னதாக ஒரு புத்தகம் போடக்கூடாதா என்று டோல்கினின் அத்தை ஜேன் நீவ் கேட்டார். டோல்கின் தன் பழைய கவிதைகளைத் தோண்டியெடுத்துத் திருத்தி, புதிதாகவும் சேர்த்து, 16 கவிதைகள் ஆக்கினார். பாலின் பெய்ன்ஸ் படம் வரைந்தார். ஆனால் அந்த 16இல் பல, அவருடைய பெருங்கதையான 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' (இங்கே 'மூலக் கதை' என்பது இதைத்தான்) உலகத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் 1920களிலும் 30களிலும் பல்கலைக்கழக இதழ்களில் வந்தவை. அவற்றை ஒரு கூரையின் கீழ் கொண்டுவர வேண்டும். அதற்காக அவர் ஒரு முன்னுரை எழுதினார். அதில் அவர் கவிஞராகப் பேசுவதே இல்லை. அந்தக் கதையில் வரும் குட்டை மனிதர்களான ஹாபிட்டுகளின் பழைய கையெழுத்துப் பிரதியான வெஸ்ட்மார்ச்சின் சிவப்புப் புத்தகத்தில், ஓரங்களிலும் வெற்றிடங்களிலும் தனித் தாள்களிலும் கிடந்த பாட்டுகளைப் பொறுக்கியெடுத்த பதிப்பாசிரியராகப் பேசுகிறார். இது பில்போ என்ற ஹாபிட் கட்டியது, இது சாம் என்ற ஹாபிட் கைவைத்தது, இது தெற்கே மனிதர்களின் நாடான கோண்டோரிலிருந்து வந்த சரக்கு என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்லிக்கொண்டு போகிறார்.

கடல்மணிக்கு வரும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் மாறுகிறது. இது நிச்சயம் ஹாபிட் பாட்டு என்கிறார். தொகுப்பில் காலத்தால் கடைசி, மூலக் கதை நடந்து முடிந்த பிறகு வரும் நான்காம் யுகத்தைச் சேர்ந்தது என்கிறார். ஆனாலும் இதைச் சேர்த்ததற்கு ஒரு காரணம் உண்டு: பாட்டின் தலையில் யாரோ ஒருவர் 'ஃபிரோடோவின் கனவு' என்று கிறுக்கியிருக்கிறார். ஃபிரோடோ மூலக் கதையின் நாயகன், தீய மோதிரம் ஒன்றை அழிப்பதற்காகச் சுமந்துபோன ஹாபிட். அவரே எழுதியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் ஹாபிட்டுகளின் நாடான ஷயரில் அவர் இருந்த கடைசி மூன்று ஆண்டுகளில் மார்ச்சிலும் அக்டோபரிலும் அவரைப் பிடித்தாட்டிய இருண்ட கனவுகளோடு யாரோ இந்தப் பாட்டைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள் என்கிறார் பதிப்பாசிரியர். அலைச்சல் பைத்தியம் பிடித்து எங்கோ போய், திரும்பி வந்தாலும் யாரோடும் ஒட்டாமல்போன ஹாபிட்டுகளைப் பற்றி வேறு கதைகளும் உண்டு என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

கவிதையில் என்ன நடக்கிறது

கடற்கரையில் நடந்துபோகும் ஒருவன் ஈரமணலில் ஒரு சங்கைக் கண்டெடுக்கிறான். அதற்குள் எங்கோ தொலைவில் மணி அடிப்பது கேட்கிறது. ஆளில்லாத படகு ஒன்று சத்தமில்லாமல் வந்து நிற்க, நேரமாகிவிட்டது என்று ஏறிக்கொள்கிறான். படகு அவனை ஒளிரும் மணலும் படிகக் கற்களும் உள்ள வேறொரு கரையில் இறக்குகிறது. அழகான தேசம். இசை கேட்கிறது, ஆடுகிற காலடிச் சத்தம் கேட்கிறது. ஆனால் அவன் போகும் இடமெல்லாம் அந்தக் கால்கள் ஓடிவிடுகின்றன. வா என்று சொல்ல ஒரு குரல் இல்லை. அவன் இலையால் அங்கி செய்து, பூவைச் சூடி, கையில் கோலும் கொடியும் பிடித்து, நான்தான் இந்த நாட்டுக்கு ராஜா, ஏன் ஒளிகிறீர்கள், பதில் சொல்லுங்கள் என்று கத்துகிறான். ஒரு கருமேகம் வந்து மூடுகிறது. ஓராண்டும் ஒருநாளும் இருண்ட காட்டில் கிடந்து, நரைத்து, கூன் விழுந்து வெளியே வருகிறான். அதே படகு அவனைத் திருப்பிக் கொண்டுவருகிறது. ஊரில் கதவுகள் சாத்தியிருக்கின்றன. கையை விரித்தால் கொஞ்சம் மணலும் செத்துப்போன ஒரு சங்கும்தான். இனி அந்த மணி கேட்காது. எதிரில் வருகிறவர்கள் அவனிடம் பேசுவதில்லை. தனக்குத்தானே பேசிக்கொண்டு திரிகிறான்.

பாட்டு முழுக்க 'நான்'. பெயர் எதுவும் இல்லை. ஃபிரோடோ இல்லை, மோதிரம் இல்லை, ஷயர் இல்லை.

முதல் கூட்டத்தில் கவனித்தது

எல்லோருக்கும் முன்னுரையையும் கவிதையையும் ஒன்றாக நகலெடுத்துக் கொடுத்திருந்தோம். பேச்சு உடனே இரண்டு அணியாகப் பிரிந்தது.

இளைஞரின் வாதம் இது. இது ஃபிரோடோவின் அனுபவம். மோதிரத்தைத் தனதென்று கோரிய கணம்தான் பாட்டில் 'நான் ராஜா' என்று கத்தும் கணம். ஊர் திரும்பிய பின் ஃபிரோடோவுக்குச் சொந்த மண்ணில் மரியாதை இல்லை என்று சாம் வருந்துவது மூலக் கதையிலேயே இருக்கிறது. பாட்டின் கடைசி வரியில் யாரும் பேசாமல் போவது அதுதான். எல்லாம் பொருந்தும்போது பதிப்பாசிரியர் "வாய்ப்பு குறைவு" என்று சொல்வதை ஏன் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும்? அது டோல்கினின் விளையாட்டு.

வங்கி அதிகாரி ஒரு தேதியை எடுத்து மேசையில் வைத்தார். இந்தக் கவிதையின் முதல் வடிவம் 'லூனி' என்ற தலைப்பில் 1934 ஜனவரியில் ஆக்ஸ்ஃபோர்டு மேகசினில் வந்துவிட்டது. ஹாபிட்டுகளை அறிமுகப்படுத்திய 'தி ஹாபிட்' புத்தகமே 1937இல்தான். ஃபிரோடோ என்ற பாத்திரத்தை அவர் யோசிக்கக்கூட இல்லாத காலம் அது. ஆகவே 'ஃபிரோடோவின் கனவு' என்பது வியாபாரத்துக்காக ஒட்டிய லேபிள்; அதற்குப் பொருள் தேடுவது வீண் வேலை.

இதற்குமேல் பேச்சு நகரவில்லை. இளைஞர் மூலக் கதையிலிருந்து இன்னொரு பொருத்தத்தைச் சொல்வார், அதிகாரி 1934 என்பார். மற்றவர்கள் தேநீருக்குக் கீழே போய்விட்டார்கள்.

அன்று எனக்குத் தெளிவாகத் தெரிந்த ஒன்று: இருவரும் கேட்டது ஒரே கேள்வி. இதை ஃபிரோடோ எழுதினாரா, இல்லையா? அந்தக் கேள்விக்கு முன்னுரையிலேயே விடை இருக்கிறது, அவர் எழுதியிருக்க வாய்ப்பில்லை. முன்னுரை உண்மையில் நம் முன் வைப்பது வேறு ஒரு ஆளை. பாட்டின் தலையில் பேனாவைக் கொண்டுபோய்க் கிறுக்கிய ஆள். அவரைப் பற்றி யாருமே பேசவில்லை.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

அடுத்த இரண்டு கூட்டங்களைப் பிரித்துக்கொண்டோம். ஒன்றில் ஷயருக்குள் மட்டும் இருப்பது. ஆக்ஸ்ஃபோர்டு, 1934, டோல்கின் ஆகிய சொற்களை யாரும் உச்சரிக்கக்கூடாது. அடுத்ததில் நேர்மாறாக, ஷயருக்குள் யாரும் நுழையக்கூடாது.

இப்படிப் பிரிக்க வேண்டாம், செயற்கையாக இருக்கும் என்று சிலர் சொன்னார்கள். நியாயம்தான். ஆனால் முதல் கூட்டத்தில் நடந்தது என்னவென்றால், உள்ளே நின்று ஒருவர் சொன்னதை வெளியே நின்று இன்னொருவர் அடித்தார். நாட்டார் பாடல் ஒன்றைப் பற்றிப் பேசும்போது அந்த ஊர்க்காரர் சொல்வதை முதலில் முழுதாகக் கேட்டுவிட்டு, அப்புறம் ஆவணத்தைப் பார்ப்பதுதான் முறை என்று அக்கா சொன்னார். கற்பனை ஊருக்கும் அந்த மரியாதையைக் கொடுத்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

கூடவே நான்கு கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். இந்த உலகத்துக்குள் இதை யார் பாடியிருப்பார்கள்? யார் எழுதி வைத்தார்கள்? தலைப்பைக் கிறுக்கியது யார், எதற்காக? இவற்றையெல்லாம் நமக்குச் சொல்கிற பதிப்பாசிரியர் எந்த அளவுக்கு நம்பத் தகுந்தவர்? கவிதைக்கு என்ன பொருள் என்ற கேள்வியை வேண்டுமென்றே விட்டுவிட்டோம்.

ஷயருக்குள்

இந்தக் கூட்டத்தைத் திருப்பியவர் தமிழாசிரியர். டோல்கினில் அவருக்கு அதிக ஈடுபாடு கிடையாது. குட்டிச்சாத்தான் கதை என்று கேலி செய்வார். அன்று பையிலிருந்து புறநானூற்றை எடுத்தார். அட்டை பிய்ந்து, முதுகில் பழுப்புக் காகிதம் ஒட்டிய பிரதி. 74ஆம் பாட்டைத் திறந்து, பாட்டின் அடியில் இருந்த உரைநடைக் குறிப்பை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, பாட்டை மட்டும் படித்தார்.

"குழவி இறப்பினும் ஊன்தடி பிறப்பினும்" என்று தொடங்கும் பாட்டு. குழந்தை செத்துப் பிறந்தாலும், வெறும் சதைப்பிண்டமாகப் பிறந்தாலும்கூட வாளால் கீறி வீரமரணம் கொடுக்கிற குடி. அதில் பிறந்தவன் சங்கிலியில் கட்டிய நாயைப்போல் கிடந்து, பகைவரிடம் இரந்து வயிற்றுத் தீயைத் தணித்துக்கொள்வதா என்று கேட்கும் பாட்டு.

"தம்பி, இதுல யார் பேர் இருக்கு சொல்லுங்க" என்றார்.

"யார் பேரும் இல்லையே ஐயா."

கையை எடுத்தார். சேரமான் கணைக்கால் இரும்பொறை சோழன் செங்கணானோடு போரிட்டுத் தோற்று, குடவாயிற் கோட்டத்துச் சிறையில் கிடந்து, தண்ணீர் கேட்டு உடனே கிடைக்காமல், பிறகு கிடைத்ததைக் கையில் வாங்கியும் குடிக்காமல், இதைச் சொல்லிவிட்டு இறந்தான் என்கிறது அந்தக் குறிப்பு. மன்னன், பகைவன், சிறை, தண்ணீர்க் கிண்ணம், சாவு எல்லாம் குறிப்பில் இருக்கின்றன. பாட்டில் இருப்பது ஒரு 'நாய்' உவமையும் அடங்காத மானமும். இதே மன்னனைப் புலவர் பொய்கையார் களவழி நாற்பது பாடி விடுவித்தார் என்று இன்னொரு வழக்கும் இருக்கிறது. ஒரு வழக்கில் சிறையிலேயே செத்தான், இன்னொன்றில் பாட்டால் மீண்டான்.

"குறிப்பு எழுதினவர் பொய் சொன்னார்னு நான் சொல்லலை. பாட்டைக் கேட்டதும் அவருக்கு அந்த மன்னன் ஞாபகம் வந்திருக்கான். ஏன் வந்தான்னு கேளுங்க, அதுல விஷயம் இருக்கு" என்றார்.

அக்கா இதை இன்னொரு பக்கத்திலிருந்து பிடித்துக்கொண்டார். ஒப்பாரியில் 'நான்' என்று பாடுகிறவர் இறந்தவரின் மகளாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கூலிக்கு வந்து பாடுகிறவரும் "என்னைப் பெத்த அப்பா" என்றுதான் பாடுவார். கேட்கிற வீட்டுக்காரப் பெண் அது தன் பாட்டு என்று அழுவாள். இரண்டும் உண்மை. பாட்டின் 'நான்' ஓர் இருக்கை, உட்கார வருகிறவர் மாறிக்கொண்டே இருப்பார் என்றார்.

இதற்குப் பிறகு இளைஞரின் பேச்சே வேறு திசைக்குப் போனது. அவருக்குத் தெரிந்த தகவல்கள் எல்லாம் இப்போதுதான் பயன்பட்டன.

ஹாபிட்டுகளில் பெரும்பாலானோர் கடலையே பார்த்ததில்லை. மூலக் கதையின் முகவுரையில் கடல் என்பது அவர்களிடையே அச்சம் தரும் சொல்லாக, சாவின் அடையாளமாக ஆகிவிட்டது என்று இருக்கிறது. மேற்கே எல்வ்கள் என்ற சாவில்லாத இனத்தார் கட்டிய கோபுரங்களில் உயரமானதில் ஏறினால் கடல் தெரியும். ஏறிப்பார்த்த ஹாபிட் என்று யாரும் கிடையாது. அப்படிப்பட்ட மக்கள் கடலைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டினால் அது எச்சரிக்கைப் பாட்டாகத்தான் இருக்கும்: போகாதே, போனால் அவர்கள் உன்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், திரும்பி வந்தால் நாங்களும் சேர்த்துக்கொள்ள மாட்டோம்.

போனவர்களும் உண்டு. மூலக் கதையின் பின்னிணைப்பில் உள்ள டூக் குடும்ப மரத்தில் ஹில்டிஃபோன்ஸ் பயணம் போனவர், திரும்பவில்லை. இசெங்கார் இளமையில் கடலுக்குப் போனதாகச் சொல்வார்கள். 'சொல்வார்கள்' என்பதுதான் அங்கேயும் இருக்கிறது. ஃபிரோடோவின் பெற்றோர் பிராண்டிவைன் ஆற்றில் மூழ்கி இறந்தார்கள். தி ஐவி புஷ் மதுக்கடையில் அதைப் பற்றிப் பேசுகிறவர்களில் மாவுமில்காரர், மனைவி கணவனைத் தள்ளிவிட, அவர் மனைவியையும் இழுத்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன் என்று கிளப்புகிறார். தண்ணீர் என்றால் ஷயரில் கதை முளைக்கும்.

இளைஞர் கடைசியாகச் சொன்னதுதான் எங்களுக்கு மிகவும் உதவியது. பில்போ ஊரைவிட்டுப் போன பிறகு, வெடிச்சத்தத்தோடு மறைந்து பொன்மூட்டையோடு திரும்புகிற 'பைத்தியக்கார பேகின்ஸ்' ஆகிவிட்டார்; உண்மையில் நடந்தது மறந்த பிறகும் அந்தக் கதை ஷயரில் நிலைத்தது என்று மூலக் கதையே சொல்கிறது. பில்போ, ஃபிரோடோ இருவரின் குடும்பமான பேகின்ஸ் வீட்டு ஆட்கள் கதை வந்து ஒட்டிக்கொள்கிற ஆட்கள். பில்போவுக்கு வேடிக்கைக் கதை ஒட்டியது. ஃபிரோடோவுக்கு ஏற்கெனவே வழங்கிய ஒரு சோகப் பாட்டு ஒட்டியிருக்கலாம்.

அப்படியானால் ஒட்டியது யார்? சிவப்புப் புத்தகம் சாமின் மகள் எலனோரின் சந்ததியான ஃபேர்பேர்ன் குடும்பத்திடம் அண்டர்டவர்ஸ் என்ற ஊரில் இருந்தது. மூலப்பிரதி அழிந்துபோய்ப் பிரதிகளே மிஞ்சின. ஃபிரோடோ நோயுற்ற தேதிகள் ஊருக்குத் தெரியாது. அவர் அதை மறைத்தார். மார்ச், அக்டோபர் என்று தெரிந்திருக்கக்கூடிய வீடு சாமுடைய வீடுதான். ஆகவே கிறுக்கியவர் அந்த வீட்டுக் கதைகளைக் கேட்டு வளர்ந்த ஒருவர் என்பது இளைஞரின் ஊகம். ஊகம் என்றே குறித்துக்கொண்டோம்.

ஓர் உறுத்தல் இருந்தது. பாட்டில் வருபவன் திரும்பி வருகிறான். ஃபிரோடோ சாம்பல் துறைமுகத்திலிருந்து கப்பலேறியவர், திரும்பவே இல்லை. மூலக் கதையின் முடிவில் அவர் காண்பது விடியலில் விரியும் பசுமையான நாடு. பாட்டில் இருப்பது அதற்கு நேர்எதிர். இளைஞர் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தார். கனவு கண்டது புறப்படுவதற்கு முந்திய ஆண்டுகளில். அங்கே போய், என்னை யாரும் ஏற்றுக்கொள்ளாவிட்டால்? தலைப்புக் கிறுக்கியவர் ஃபிரோடோவுக்குள் இருந்ததாக நினைத்த பயம் அது. நடந்ததைப் பற்றிய தகவலாக அதை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. முதல் கூட்டத்தில் சொன்னதைவிட இது எவ்வளவோ அடக்கமான வாதம். ஆனால் உடைக்கக் கடினம்.

ஷயருக்கு வெளியே

இந்தக் கூட்டம் வங்கி அதிகாரியுடையது. அவர் தொகுப்பின் மற்றக் கவிதைகளுக்கும் பிறப்புச் சான்றிதழ் கொண்டுவந்திருந்தார்.

'தி ஹோர்ட்' என்ற புதையல் பாட்டு 1923இல் லீட்ஸ் பல்கலைக்கழக இதழில் வந்தது. அப்போதைய தலைப்பு பேவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியத்தின் ஒரு வரி. பாட்டில் யார் பெயரும் கிடையாது. ஒரு புதையல் எல்விடமிருந்து குள்ளனுக்கு, டிராகனுக்கு, வீரனுக்குக் கைமாறி, கடைசியில் யாருக்கும் இல்லாமல் போகிறது. 1962 முன்னுரையில் பதிப்பாசிரியர் இதில் டூரின் என்ற வீரனும் மிம் என்ற குள்ளனும் வரும் பழங்கதையின் எதிரொலி கேட்பதாகச் சொல்கிறார். எதிரொலி என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

'ஃபாஸ்டிட்டோகலான்' தீவைப்போல் மிதக்கும் ராட்சதப் பிராணியின் பாட்டு. அந்தப் பெயர் எக்ஸிட்டர் சுவடியில் உள்ள பழைய ஆங்கிலத் திமிங்கிலப் பாட்டிலிருந்து வந்தது. அதற்கும் முன்னால் கிரேக்கத்தில் வேறு உருவில் இருந்த பெயர், பிரதியெடுத்தவர்கள் கைபட்டுச் சிதைந்து அப்படி ஆனது. நிலாக்கிழவன் பூமிக்கு வந்து பீர் குடிக்கிற பாட்டின் முதல் வடிவம் 1923. பிரீ ஊரின் சத்திரத்தில் ஃபிரோடோ மேசைமேல் ஏறிப் பாடுவது அதன் திருத்திய வடிவம். அதன் சில சொற்களே இன்று நினைவில் இருக்கின்றன என்று கதைசொல்லி அங்கே போகிறபோக்கில் சொல்கிறார். ஆங்கிலக் குழந்தைகள் பாடும் 'ஹே டிடில் டிடில்' அந்தப் பெரிய பாட்டு தேய்ந்த மிச்சம் என்பது வேடிக்கை.

அதிகாரி இவற்றை அடுக்கியது தன் பழைய வாதத்தை நிலைநாட்டத்தான். ஆனால் பட்டியல் நீள நீள அவர் வேகம் குறைந்தது. மனிதர் தன் பழைய பாட்டை எடுக்கிறார், தெரிந்த ஒரு பெயரோடு சேர்க்கிறார், அடியில் குறிப்பெழுதுகிறார். வாய்மொழிப் பாட்டுகளுக்கும் சுவடிகளுக்கும் உலகெங்கும் நடந்தது இதுதானே என்று அக்கா கேட்டபோது அவர் மறுக்கவில்லை. "அப்படின்னா லேபிள் போலிங்கிறதை வாபஸ் வாங்கறேன். ஆனா ஒட்டினதுங்கிறதை வாபஸ் வாங்க மாட்டேன்" என்றார். சரி, அந்த இடத்தில் எல்லோருக்கும் சம்மதம்.

என் கருத்து: 1934 என்ற தேதி ஷயருக்குள் செய்யும் வாசிப்பைக் கெடுக்கவில்லை, அதற்குத் துணை செய்கிறது. பாட்டு ஃபிரோடோவைவிடப் பழையது என்று முன்னுரை சொல்லவில்லைதான். ஃபிரோடோவுக்குப் பிந்தியது என்றே சொல்கிறது. ஆனால் பாட்டுக்கும் பெயருக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறது. வெளியே அந்த இடைவெளி 28 ஆண்டு. உள்ளே அது ஒரு கிறுக்கல். தன் கவிதைக்கும் தன் பாத்திரத்துக்கும் நடுவில் ஒட்டுத் தெரியும்படி விட்டுவைத்த எழுத்தாளர்கள் அதிகம் இல்லை. பெரும்பாலோர் பூசி மறைத்திருப்பார்கள்.

விளைவு

மூவர் சேர்ந்து வட்டத்துக்காக ஒரு குறிப்பு எழுதினார்கள். அதன் சாரம்: கடல்மணியை ஹாபிட்டுகளிடையே வழங்கிய, கடல் அச்சத்திலிருந்து பிறந்த அலைச்சல் பாட்டாகப் படிக்கலாம். 'ஃபிரோடோவின் கனவு' என்ற தலைப்பைப் பாட்டின் பகுதியாகக் கொள்ளாமல், பாட்டுக்குக் கிடைத்த முதல் விமர்சனமாகக் கொள்ள வேண்டும். அந்தத் தலைப்பு ஃபிரோடோவின் மனதைவிட, ஃபிரோடோவை அவருக்குப் பின்வந்தவர்கள் எப்படி நினைத்தார்கள் என்பதைச் சொல்கிறது. உலகைக் காத்தவரை நினைக்கும்போது அவர்களுக்கு ஞாபகம் வந்த பாட்டு, கதவு சாத்திய தெருவில் தனியே பேசித் திரிகிறவனுடைய பாட்டு.

வங்கி அதிகாரி கையெழுத்துப் போடவில்லை. பதிப்பாசிரியர் என்ற வேடத்தை இவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்வது டோல்கினே நினைக்காத அளவுக்குப் போய்விட்டது என்று அரைப்பக்கம் எழுதி இணைத்தார். அதையும் சேர்த்தே சுற்றுக்கு விட்டோம்.

அடுத்து அதே நான்கு கேள்விகளைத் தொகுப்பின் பிற பாட்டுகளில் போட்டுப் பார்த்தோம். புதையல் பாட்டில் நன்றாக வேலை செய்தது. 'தி லாஸ்ட் ஷிப்' பாட்டிலும் அப்படியே. எல்வ்களின் கடைசிக் கப்பல் கூப்பிட்டும் ஏறாமல், மண்ணில் கால் புதைந்து நின்றுவிடுகிற ஃபிரியேல் என்ற பெண்ணின் பாட்டு அது. கோண்டோர்க் கரையிலிருந்து வந்தது என்று முன்னுரை சொல்கிறது. கடலோரத்தில் வாழ்ந்தவர்கள் கட்டிய பாட்டையும் கடலைப் பார்க்காதவர்கள் கட்டிய பாட்டையும் அடுத்தடுத்து வைத்ததில் நல்ல பேச்சு வந்தது. 'கேட்' என்ற பூனைப் பாட்டில் எதுவும் கிடைக்கவில்லை. அது டோல்கின் தன் பேத்தியைச் சிரிக்கவைக்க எழுதியது. பாயில் படுத்த பூனை சிங்கத்தைக் கனவு காண்கிறது. ஷயருக்குள் அதற்கு யார், எப்போது என்று கேட்டுக்கொண்டிருந்தது அபத்தமாகவே இருந்தது. கால்மணி நேரத்தில் விட்டுவிட்டோம்.

இனி மாற்றப்போவது

முன்னுரையையும் கவிதையையும் ஒன்றாகக் கொடுப்பதில்லை. முதலில் தலைப்பில்லாமல் கவிதை, அடுத்து அந்தக் கிறுக்கல், கடைசியில்தான் முன்னுரை. தமிழாசிரியரின் உள்ளங்கை செய்த வேலையை நகலெடுக்கும்போதே செய்துவிடலாம்.

உள்ளே, வெளியே என்று கூட்டங்களைப் பிரிப்பது தொடரும். ஆனால் வெளிக் கூட்டத்தை அவ்வளவு கறாராக நடத்த வேண்டாம் என்று முடிவாகியிருக்கிறது; இளைஞர் அன்று ஒன்றரை மணி நேரம் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததில் பயன் எதுவும் இல்லை.

வாய்விட்டுப் பாடாமல் பேசியது பெரிய குறை. பதிப்பாசிரியர் தொகுப்பில் ஒரு பாட்டைப் பற்றி, முடிவு தொடக்கத்துக்கே திரும்புவதால் கேட்பவர்கள் எதிர்த்து எழும்வரை சொல்லிக்கொண்டே போகலாம் என்கிறார். பில்போ கட்டியதாகச் சொல்லப்படும் 'எரண்ட்ரி' அது. நாட்டார் பாடல் என்று ஒப்புக்கொண்ட பிறகு தாளில் மட்டும் படிப்பது அரைகுறை வேலை என்று அக்கா சொல்வது சரி. அடுத்த கூட்டத்துக்கு அதையே எடுத்திருக்கிறோம். வங்கி அதிகாரி முதல் சுற்றுப் பாடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அதன் முதல் வடிவம் 1933 நவம்பரில் அச்சானது என்பதையும் சொல்லிவிட்டுத்தான் போனார்.